கடவுக் கதவின் சங்கிலி

இன்று காலை ஒரு மாணவி என் மேசைமேல் வைத்த பலகையிலிருந்து தையல் மெஷின் எண்ணெயின் வாசனை வந்தது. பலகையின் நடுவில் ஒரு புதிய இரும்புத் தாழ்ப்பாள். அதைப் பார்த்ததும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். நீ இருந்திருந்தால், "என்ன மாமி, தாழ்ப்பாளக் கண்டு பேடிச்சுப் போயிட்டியா?" என்று சிரித்திருப்பாய்; பயத்துக்கு உன் சொல் பேடிதான்.

ஓய்வு பெற்ற பிறகும், சிறப்புக் கல்வி ஆசிரியர் பயிற்சிக்குப் படிக்கிறவர்களின் பாடத்திட்டங்களைப் பார்க்கப் பல்கலைக்கழகத்தில் என்னைக் கூப்பிடுகிறார்கள். இந்தப் பெண் வித்துராவிலிருந்து வருகிறாள். "டீச்சர், தாழ்ப்பாள் திறக்கப் படிப்பிக்கறதுதான் என் பாடம். நாளைக்குத் தொடங்கட்டா?" என்றாள். அவள் பயிற்சி எடுப்பது கரமனையில், நாம் எடுத்த அதே பள்ளியில்.

அந்தப் பயிற்சியில் உன்னையும் என்னையும் ஒரு ஜோடியாகப் போட்டார்கள். நீ பொன்முடி எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்திலிருந்து ஹாஸ்டலுக்கு வந்தவள், நான் கரமனை அக்ரகாரத்துப் பெண். அதற்காகவே கல்யாணம்கூட ஆகாத எனக்கு 'மாமி' என்று பேர் வைத்தாய். எந்த வேலையையும் சிறு சிறு படிகளாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று வகுப்பில் கற்றுத் தந்தார்கள். அதன்பிறகு மெஸ்ஸில் நம்மால் ஒரு தோசையை நிம்மதியாகத் தின்ன முடிந்ததா? "பிய், தொடு, வாய்கிட்ட கொண்டு போ, மாமி ரெண்டாவது படியிலேயே நிக்கறா" என்பாய்.

நமக்குக் கொடுத்த பிள்ளை மினி. ஒன்பது வயது, பேச்சு ஒன்றிரண்டு சொற்கள்தான். அவள் அம்மா திருநெல்வேலிப் பக்கம், இங்கே ஒரு ஹோட்டல் அடுக்களையில் வேலை. அவள் நம்மிடம் கேட்டது, பிள்ளைக்குக் குளியலறைக் கதவைத் திறக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்ற ஒன்றுதான். "பிள்ள குளிமுறிக்குள்ள தாப்பாளப் போட்டுக்கிட்டா. தொறக்கத் தெரியல. உள்ள கெடந்து கத்துதா, கதவ ஒடைக்க எனக்குத் தெம்பு இல்ல பாத்துக்கோங்க."

அப்படித்தான் நம் பாடம் பிறந்தது. நிஜப் பொருளை வைத்தே சொல்லிக்கொடுங்கள் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அதனால் மினி வீட்டுக் குளிமுறியிலும் பள்ளியின் கேட்டிலும் இருந்த அதே மாதிரித் தாழ்ப்பாளைத் தேடி வாங்கிப் பலகையில் அறைந்தாய். "பிடி, தூக்கு, இழு" என்று நீ சொல்லச் சொல்ல, பலகையை நான் பிடித்துக்கொள்வேன். ஒவ்வொரு முறை திறந்ததும் கைதட்டுவோம். மினி முதன்முதலாகத் தானே திறந்த அன்று, அடுத்த வகுப்பு டீச்சர் எட்டிப் பார்க்கும் அளவுக்குத் தட்டினோம்.

மறுநாள் மத்தியானம் சோறு போடுகிற நேரத்தில் மினி இடத்தில் இல்லை. கேட் திறந்து கிடந்தது.

இடவப்பாதி என்கிற ஜூன் மாத மழை விட்டிருந்த வேளை அது. பள்ளியிலிருந்து ஆற்றுக்கு இறங்கும் சந்தில் ஓடினோம். முதல் வீட்டின் கேட் திறந்து கிடந்தது. அடுத்ததும் திறந்து கிடந்தது. "யாருடி கேட்டைத் தொறந்து போட்டது? பசு உள்ள வந்து வாழையத் தின்னுண்டிருக்கு!" என்று ஒரு மாமி கத்திக்கொண்டிருந்தாள். நமக்குப் புரிந்துவிட்டது. நாம் திறக்க மட்டும்தான் சொல்லிக் கொடுத்திருந்தோம். மூடுவது அடுத்த பாடம். திறந்து கிடந்த கேட்டுகளே மினி போன வழியைக் காட்டின. எல்லாம் ஆற்றை நோக்கித்தான் போயின.

அதற்கு முன்னும் பின்னும் நான் பயந்திருக்கிறேன். ஆனால் கால் தன்னால் ஓட, மனம் மட்டும் ஓட மறுத்தது அன்று ஒருநாள்தான். போய்ச் சேர்ந்தால் பார்க்க வேண்டிவருமே என்று இருந்தது. உன் மூச்சு மட்டும் கேட்டது.

சந்து முடிகிற இடத்தில் கடவு, ஆற்றில் இறங்கும் படித்துறை. படிகளை மூடிக்கொண்டு செம்மண் நிறத்தில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அதன் கதவின் முன்னால் மினி நின்றிருந்தாள். அங்கும் அதே தாழ்ப்பாள்தான், அதைத் திறந்தும் விட்டிருந்தாள். ஆனால் ஆறு பெருகியதால் தெருக்காரர் யாரோ கம்பிகளைச் சுற்றி ஒரு சங்கிலி போட்டிருந்தார்கள். சங்கிலி நம் பாடத்தில் இல்லை. "பிடி, தூக்கு, இழு" என்று முணுமுணுத்துக்கொண்டு அதை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

நம்மைப் பார்த்ததும் தாழ்ப்பாளைக் காட்டிவிட்டுக் காத்து நின்றாள். நீ கைதட்டினாய். எனக்கு உன்மேல் கோபமே வந்தது. "பின்னே? சொல்லிக் கொடுத்ததத்தானே செஞ்சா மாமி" என்றாய். அப்புறம் அவளை அணைத்துக்கொண்டு ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டாய்.

"இனி ஈ பாடம் வேண்டா. மதி" என்று, போதும் என்று நிறுத்திவிட்டார் நம் பயிற்சிக்குப் பொறுப்பான மேடம். ஹாஸ்டலில் நீ அன்று சாப்பிடவில்லை. ஆனால் மறுநாள் அவர் முன்னால் போய் நின்றாய். "அடைச்சு வெச்சா பேடி நமக்குப் போகும் மேடம். குளிமுறிக்குள்ள மாட்டிக்கிட்டா அவளுக்குப் போகுமா?" என்று கேட்டாய். மூடுவதையும், கேட்டருகே வந்தால் நின்று நம்மைக் கூப்பிடுவதையும் சேர்த்துப் பாடத்தை மறுபடி எழுதினாய். அதை நடத்திய எல்லா நாளும் உன் கை நடுங்கியதைப் பலகையைப் பிடித்திருந்த நான் மட்டும்தான் பார்த்தேன்.

பிறகு நீ வித்துராப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாய். நான் கரமனையிலேயே தங்கிவிட்டேன். ஒவ்வொரு வருஷமும் முதல் பெருமழைக்கு உன் போன் வரும். சுகமா என்றுகூடக் கேட்க மாட்டாய். "சங்கிலி போட்டாச்சா மாமி? போய்ப் பாத்துட்டுச் சொல்லு, கேட்டோ." நான் குடையை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வேன். போன மழைக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தும் கேட்டாய். குரல் உடைந்திருந்தது, ஆனாலும் கேள்வி மாறவில்லை.

இன்று அந்த மாணவியிடம் வேண்டாம் என்று சொல்லிவிடத்தான் வாயெடுத்தேன். பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மூடறதையும் சேர்த்து எழுதிண்டு வா. அதுக்கு முன்னாடி அந்த கேட்டுக்கு வெளில என்னெல்லாம் இருக்குன்னு நாம ரெண்டு பேரும் நடந்து பாத்துட்டு வரலாம்" என்றேன். அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "டீச்சர்க்குப் பயமா?" "ஆமாம், நிறைய" என்றேன்.

மதியம் இருவரும் பள்ளிக்குப் போய் அதே சந்தில் இறங்கினோம். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. இந்த வருஷத்தின் முதல் பெருமழை. ஆறு ஏறத் தொடங்கியிருந்தது. கடவுக் கதவில் தாழ்ப்பாள் மட்டும்தான் போட்டிருந்தது. சங்கிலி ஒரு ஓரமாகத் துருப்பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் குடையைப் பிடிக்க, நான் அதை எடுத்துக் கம்பிகளைச் சுற்றி இறுக்கினேன். கை நடுங்கியதால் நேரமாயிற்று.

வீட்டுக்கு வந்து, உன் போன் இனி வராது என்று தெரிந்தும், ஈரப் புடவையோடு போனின் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

போட்டாச்சுடி. போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.