கால் மரத்ததென்று சொன்ன அக்காவுக்கு

என் பாசமுள்ள ரோஸி அக்கா,

செண்பகனூரில் இன்று நல்ல வெயில். நீ துணி துவைத்த பள்ளி விடுதியில் கம்பளிகளைக் காயப்போட்டிருக்கிறார்கள். அங்கே மெஷின் வந்துவிட்டது. இதையெல்லாம் முதலில் எழுதுவது, எழுத வேண்டியதைத் தள்ளிப்போடத்தான்.

ஒரு சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி, ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தாய். நான் சொன்ன பிறகுதான் குனிந்து பார்த்தாய்.

"ஏலே தம்பி, கழண்டதே தெரியலடா. காலு மரக்கட்டையாட்டம் கெடக்கு."

"கொடைக்கானல் குளிர்ல யாருக்குக்கா கால் மரக்காம இருக்கு?" என்று சிரித்தேன்.

உனக்குப் பல வருடச் சர்க்கரை. நானோ ரத்தம், சிறுநீர் பரிசோதிக்கும் லேபில் வேலை பார்ப்பவன். சிரிக்கிற இடமா அது?

சில மாதம் கழித்து, தயங்கித் தயங்கிக் கேட்டாய். "ஒண்ணுக்குப் போனா நுரை நுரையா நிக்குதுடா. உங்க லேப்ல பாக்கலாமா?"

"நாள் பூரா சோப்புத் தண்ணியில நிக்கிறீல்ல, அதான்" என்று கேலி செய்தேன். உண்மைக் காரணம் வேறு. ஊரார் கொண்டுவரும் சிறுநீரைத் தினமும் தொடுகிறவன், கூட வேலை பார்க்கிறவர்கள் முன்னால் என் அக்காவுடையதை வாங்க வெட்கப்பட்டேன். அதில் புரதம் இறங்குகிறதா என்று பார்க்கச் சில நிமிடம் போதும் அக்கா.

மூன்றாவது முறை நீ கேட்கவில்லை, கெஞ்சினாய். "வெள்ளனே எந்திரிச்சா மூஞ்சி வீங்கிக் கெடக்கு. ஒரு தடவ பாத்துரு தம்பி."

அடுத்த வாரம் என்றேன். அதற்குள் துவைக்கும் இடத்திலேயே மூச்சு முட்டி விழுந்துவிட்டாய்.

மதுரையில் டாக்டர் உன் பாதத்தை ஊசி முனையால் தொட்டார். நீ கண்ணை மூடியபடி, "எப்ப தொடுவீங்க டாக்டர்?" என்று கேட்டாய். அவர் என் பக்கம் திரும்பினார்.

"சர்க்கரை சின்னச் சின்ன ரத்தக்குழாயத்தான் கெடுக்குது. நரம்புக்கு ரத்தம் போறதும் அது வழியாத்தான், கிட்னி வடிகட்டுறதும் அதுலதான். கால்ல உணர்ச்சி கொறஞ்சதுமே கிட்னியையும் பாத்திருக்கணும். யாருகிட்டயும் சொல்லலையா இவங்க?"

நீ என்னைப் பார்த்தாய். பிறகு, "இல்லீங்க டாக்டர், நான்தான் அசட்டையா இருந்துட்டேன்" என்றாய்.

ஏன் அக்கா அப்படிச் சொன்னாய்? அந்தப் பொய்க்குள் நான் ஒளிந்துகொண்டேன். டயாலிசிஸுக்காக வத்தலக்குண்டு மலைப்பாதை வளைவுகளில் வாந்தியெடுத்தபடி நீ இறங்கி ஏறிய ஏழு மாதமும் வாய் திறக்கவில்லை. உன் அடக்கத்தன்று உன் மகள் ஷீபா அழுதபோது, "உங்கம்மா யாருகிட்டயும் சொல்லாம மறைச்சுட்டா பாப்பா" என்று நானே சொன்னேன்.

அவள் நம்பினாள். உன்மேல் கோபமானாள். இரண்டு கல்லறைத் திருநாளுக்கும் உன்னிடம் வரவில்லை. நான் மட்டும் மெழுகுவர்த்தியோடு வந்தேன், நல்ல தம்பி மாதிரி.

போன ஞாயிறு, பூசை முடிந்ததும் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"அம்மா எத்தன தடவ சொன்னாங்க மாமா?"

"மூணு தடவ."

"ரெண்டு வருசமா எங்கம்மாவத் திட்டிக்கிட்டு இருந்தேனே மாமா" என்றாள். எழுந்து போய்விட்டாள். மறுநாள் வேலைக்குப் போகாமல் உன் கல்லறையில் உட்கார்ந்திருந்தாளாம். உன்னிடம் என்ன பேசினாள்? எனக்குத் தெரிய வேண்டாம். என் போனை அவள் எடுப்பதில்லை. அது நியாயம்தான்.

லேபுக்குச் சர்க்கரை பார்க்க வருகிறவர்களிடம் இப்போது கால் எப்படியிருக்கிறது என்று கேட்கிறேன். மரக்கிறது என்றால், சிறுநீரையும் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் அனுப்புகிறேன். இதனால் என் தவறு கழிந்துவிடும் என்று நினைக்கவில்லை.

ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். ரோஸி எப்படிச் செத்தாள் என்று இனி யார் கேட்டாலும், அவள் சொன்னாள், நான்தான் கேட்கவில்லை என்பேன்.

நீ காட்டிக்கொடுக்காத உன் தம்பி,
அந்தோணி