தீவில் அப்பா பார்த்தவை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் பயலும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் எனக்கு வரும் முதல் நினைப்பு. நாங்களும் இங்கே சுகம் என்று அடுத்த வரியில் எழுதியே பழக்கம், இந்தத் தடவை அந்த வரி கைக்கு வரமாட்டேன் என்கிறது. பதறாதே, யாரும் ஆஸ்பத்திரியில் இல்லை, யாருக்கும் அடிபடவில்லை. நீ ஏற்பாடு செய்து கொடுத்த இதே தீவில், ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியும் இதே அறையில்தான் இருக்கிறோம். போனில் சொல்வதை விட்டுவிட்டு இவள் ஏன் கடுதாசி எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் சொல்ல வழியில்லை, உன் அப்பா என்னை விட்டு இம்மி நகருவதில்லை, காது வேறு ரொம்பக் கூர்மையாகிவிட்டது, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு முணுமுணுத்தால்கூட என்ன சொன்னே என்று கேட்கிறார். அதனால்தான் இந்தத் தாள்.

முதலில் நல்லதை எழுதிவிடுகிறேன், நீ அவ்வளவு பாடுபட்டு அனுப்பியிருக்கிறாய். அறை நன்றாக இருக்கிறது, படுக்கை கொஞ்சம் மெத்தென்று இருப்பதால் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, அது பரவாயில்லை. எங்களைச் சுற்றிக் காட்ட வரும் வேன்காரர் நல்ல மனுஷர், வாய் மூடாமல் பேசுவார், வளைவுக்கு வளைவு நிறுத்தி இதைப் பாருங்க அதைப் பாருங்க என்று கதவைத் திறந்துவிடுவார். மலை முனையில் ஒரு இடம் இருக்கிறது, அங்கே நின்றால் கடல் கரையோரம் பச்சையாகவும் நடுவில் நீலமாகவும் அதற்கப்பால் கருநீலமாகவும் தெரிகிறது, யாரோ கோடு போட்டுப் பிரித்த மாதிரி. வௌவால்கள் தொங்கும் குகை ஒன்றுக்குப் போனோம், நாற்றம் குடலைப் பிடுங்கியது, ஆனாலும் உள்ளே கூரையில் ஒரு ஓட்டை வழியாக வெயில் விழுந்து தண்ணீர் முழுக்கப் பளபளத்தது பார், நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். எல்லா இடத்திலும் அப்பா, அடேயப்பா, என்ன அழகு, பொண்ணுக்குப் புண்ணியம் என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தார். சாயங்காலம் உன்னிடம் போனிலும் அதையே சொன்னார், நீயும் சந்தோஷப்பட்டாய்.

இன்னும் ஒன்று எழுதுகிறேன், சிரிக்காதே. வந்த நாளிலிருந்து தினமும் காலையில் அப்பா என்னிடம், இன்னைக்கு என்ன கலர் கட்டப் போறே என்று கேட்டார். ஒருநாள் சாம்பல் நிறத்தை எடுத்தேன், அது வேணாம், அந்த மஞ்சளைக் கட்டு, உனக்கு எடுப்பா இருக்கும் என்றார். கல்யாணமான புதிதில்கூட இந்த மனுஷன் நான் என்ன கட்டியிருக்கிறேன் என்று திரும்பிப் பார்த்ததில்லை. இந்த வயசில் இப்படி ஓர் ஆசையா என்று எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துதான் போயிற்று. நான்தான் லூசு மாதிரி கண்ணாடி முன்னால் நின்று இரண்டு தடவை தலை வாரிக்கொண்டு கிளம்பினேன்.

பவளப்பாறை பார்க்கக் கண்ணாடித் தரை போட்ட படகில் கூட்டிப் போனார்கள். படகின் நடுவில் தொட்டி மாதிரி அடைப்பு, அதன் அடியில் கண்ணாடி, அதைச் சுற்றி உட்கார்ந்து குனிந்து பார்க்க வேண்டும். கரையிலிருந்து பாறை இருக்கும் இடம் வரை போய்ச் சேரும் மட்டும் கண்ணாடி மேல் மணல் படக்கூடாது என்று ஒரு பலகையைப் போட்டு மூடி வைத்திருப்பார்கள். படகுக்காரர் இஞ்சினை நிறுத்தி, வந்தாச்சு, பாருங்க என்றார். பலகையை இன்னும் எடுக்கவில்லை. அப்பா குனிந்து அந்தப் பலகையைப் பார்த்து, ஆகா, எத்தனை கலர், எத்தனை மீனு என்றார். படகே கொல்லென்று சிரித்தது, படகுக்காரர், ஐயா நல்லா தமாஷ் பண்றாருங்க என்றார், அப்பாவும் சேர்ந்து சிரித்தார், நானும் சிரித்தேன். அப்புறம் பலகையை எடுத்ததும் கீழே மூளை மாதிரி சுருள் சுருளான பாறையும் அதைச் சுற்றி வரி போட்ட மஞ்சள் மீன்களுமாக எனக்குக் கண் கொள்ளவில்லை, அவர் சிரிப்பு நின்ற பிறகும் குனிந்த தலை நிமிராமல் இருந்ததை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நேற்றுதான் நீர்வீழ்ச்சிக்குப் போனோம். சாரல் அடிக்கும் என்று வாசலிலேயே எல்லோருக்கும் ஒரே மாதிரி வெள்ளை பிளாஸ்டிக் மழைக்கோட்டு கொடுக்கிறார்கள், தலையோடு மூடிக்கொள்ள வேண்டும், ஆணும் பெண்ணும் பாட்டியும் பேத்தியும் எல்லாம் ஒரே வெள்ளை மூட்டைதான். நான் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்து எழுந்தேன், அதற்குள் அவர் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டார். அருவி இரைச்சலில் கூப்பிட்டால் கேட்காது. நான் கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு அவருக்கு எதிரே போய் நின்றேன், கை நீட்டினால் தொட்டுவிடும் தூரம். என் முகத்தை நேராகப் பார்த்தார். அவருக்கே உரிய அந்த மரியாதைச் சிரிப்பைச் சிரித்து, கொஞ்சம் வழி விடுங்கம்மா, என் வீட்டுக்காரியைத் தேடிட்டு இருக்கேன் என்றார்.

விளையாடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். வாயைத் திறக்காமல் நின்றேன். அவர் என்னைச் சுற்றிக்கொண்டு போய் இன்னொரு வெள்ளைக் கோட்டுக்காரியின் பக்கத்தில் நின்று, எங்கடி போனே, பயந்துட்டேன் என்றார். அந்தம்மா திகைத்துப்போய் விலகினாள். அவர் கை அப்படியே காற்றில் நின்றது. அந்தக் கையை நான் போய்ப் பிடித்துக்கொண்டேன், பிடித்த பிடியிலேயே நான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அவ்வளவு பெரிய அருவி, பாறை மேலிருந்து பால் பாலாகக் கொட்டுகிறது, அதை நான் பார்க்கவே இல்லையடி. இப்போது கேட்டால் அது எந்தப் பக்கம் விழுந்தது என்றுகூட எனக்குச் சொல்லத் தெரியாது.

கீழே வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்துக் கேட்டேன். எவ்வளவு நாளா என்றேன். மழுப்பிப் பார்த்தார், நான் விடவில்லை, என்னைப் பற்றித் தெரியாதா உனக்கு. கடைசியில் சொன்னார். ஓரத்தில் இருப்பதெல்லாம் தெரிகிறதாம், அதை வைத்துத்தான் நடக்கிறார், படி ஏறுகிறார், டம்ளரை எடுக்கிறார். நேராகப் பார்க்கும் இடம்தான் அழிந்துவிட்டது, யாரைப் பார்த்தாலும் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறைதான் இருக்கிறதாம். என்னைப் புடவை நிறத்தை வைத்துத்தான் கண்டுபிடித்திருக்கிறார். நான் தலை வாரினேனே, அதை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

கண் டாக்டரம்மா இன்னும் ஒரு வருஷமாவது தாங்கும் என்று சொன்னதை நம்பித்தானே நீ, அதற்குள் நாலு இடம் பார்க்கட்டும் என்று எங்களை இங்கே அனுப்பினாய். அந்த ஒரு வருஷம் எப்படி வந்தது தெரியுமா. டாக்டரம்மா கண்ணுக்குள்ளே எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, படம் மோசமா இருக்கே, ஆனா கடைசி வரி வரைக்கும் படிக்கிறீங்களே என்று ஆச்சரியப்பட்டார். படிக்காமல் என்ன செய்வார். அந்த எழுத்து அட்டை நம் மூக்குக்கண்ணாடிக் கடைச் சுவரில் தொங்குகிற அதே அட்டை. வாழ்நாள் முழுக்க அதன் பக்கத்தில் நின்று ஊராரைப் படிக்க வைத்தவர், யார் எந்த எழுத்தில் தடுமாறுவார்கள் என்பது வரை மனப்பாடம். ஏன் இப்படி ஏமாத்தினீங்க என்று கத்திவிட்டேன். ஏமாத்தலை, பழக்கதோஷம், வாய் படிக்குது, கண்ணு படிக்கலைன்னு அன்னைக்கு எனக்கே தெரியாது, வீட்டுக்கு வந்து காலண்டரைப் பார்த்தப்பதான் தெரிஞ்சுது என்றார். திரும்பப் போய்ச் சொல்லியிருக்கலாமே என்றேன், டீ டம்ளரைத் தள்ளி வைத்தார். பக்கத்து மேசைக்காரர்கள் எங்களையே பார்த்தார்கள், பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும்.

வீடியோவில் நீ பேசும்போதெல்லாம் நெட்டு சரியில்ல, படம் கலங்கலா வருது என்பாரே, நீகூடப் பாவம் புதுப் போன் வாங்கி அனுப்பினாய், அந்தப் போனில் நீ பளிங்கு மாதிரிதான் தெரிகிறாய். பேரனைக் காட்டும்போது, என்னை உரிச்சு வெச்சிருக்கான் என்றாரே, நான் சொல்லக் கேட்டு அப்படியே ஒப்பித்ததுதான். அந்தப் பிள்ளை பிறந்ததிலிருந்து அதன் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்கு உருப்படியாகத் தெரியாது.

நீ விடுப்புக் கிடைத்ததும் அடுத்த வருஷம் வருகிறேன் என்றபோது, அவசரமில்லம்மா, வேலையைப் பார்த்துக்கிட்டு மெதுவா வா என்று திரும்பத் திரும்பச் சொன்னார் இல்லையா. அது உன் வேலைக்காக என்று நானும்தான் நினைத்தேன். நேற்று அதையும் கேட்டுவிட்டேன். அவ ஏர்போர்ட்ல திரும்பிப் பார்த்துக் கை ஆட்டினாளே, அந்த முகம் எனக்குள்ள அச்சு மாதிரி இருக்கு, இப்ப வந்து எதிர்ல நின்னு அதுவும் கறையாத் தெரிஞ்சா இருக்கறதும் போயிடும், அவளை வரச் சொல்லாதே என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. உங்களுக்கு ஒரு முகத்தைப் பத்திரப்படுத்தணும்னு பெத்த பொண்ணை வர வேணாம்னு சொல்லுவீங்களா என்று கேட்டேன். அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை, உன் தாத்தா போனபோதுகூடப் பந்தல் போடுகிறவனோடு பேரம் பேசிக்கொண்டு நின்றவர். வேன்காரர் வந்து கூப்பிடும் வரை இரண்டு பேரும் ஆறிப்போன டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

இன்று தீவின் தென்முனைக்கு டால்பின் பார்க்கப் போக வேண்டியது, நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எதற்குப் போவது, நான் பார்த்துச் சொல்ல அவர் ஆமாம் போடவா. எனக்கு எதிலும் மனசு ஒட்டவில்லை. ஊருக்குத் திரும்பினால் கடை இருக்கிறது, சித்தப்பா இத்தனை நாள் பார்த்துக்கொள்வதே பெரிய விஷயம், அதை என்ன செய்வது, டாக்டரம்மாவிடம் எந்த முகத்தோடு போய் நிற்பது, போனாலும் இனி என்ன செய்ய முடியும், ஒன்றுக்கும் விடை இல்லை. அழிந்தது திரும்ப வராது என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். ஓரத்தில் இருப்பதும் எவ்வளவு நாளைக்கு என்று யாருக்குத் தெரியும். எனக்கு நம்பிக்கை இல்லை, உனக்குத் தைரியம் சொல்லி நாலு வரி எழுதலாம் என்று பார்த்தேன், பொய்யாக இருக்கும்.

அதனால் நீ கிளம்பி வா. அடுத்த வருஷம் இல்லை, விடுப்புத் தருகிறார்களா என்று பார்த்துக்கொண்டு இருக்காதே. மாப்பிள்ளையிடம் நான் சொன்னேன் என்று சொல், அவர் புரிந்துகொள்வார். பிள்ளைக்கு இருமல் இன்னும் இருந்தால் விமானத்தில் காதை மூடி, பால் கொடுத்துக்கொண்டே வா. ராத்திரி வண்டி ஓட்ட வேண்டாம் என்று மாப்பிள்ளைக்குச் சொல், நீயும் நின்றுகொண்டே சாப்பிடுவதை நிறுத்து, போனில் பார்க்கும்போதெல்லாம் தட்டை வைத்துக்கொண்டு நடக்கிறாய்.

இதையெல்லாம் அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். என்ன இவ்வளவு நீளமா எழுதறே என்று கேட்டார், சுத்திப் பார்த்ததை எல்லாம் எழுதறேன் என்றேன், நல்லா எழுது, நான் ரொம்ப ரசிச்சேன்னு எழுது என்றார். முன்பெல்லாம் என் தோளுக்குப் பின்னால் நின்று ஒற்றெழுத்து விட்டதைத் திருத்துவாரே, அது இல்லாமல் நிம்மதியாக எழுத முடிகிறது, இந்த நிம்மதியை நான் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது. கையெழுத்துப் போடுகிறேன் என்று இப்போதுதான் தாளை வாங்கினார். இடம் காட்டக் கை வந்தது, காட்டவில்லை. மேலே நீர்வீழ்ச்சி பற்றி எழுதியிருக்கும் பக்கத்தில், எழுத்துகளின் மேலேயே குறுக்காக ஓடுகிறது பார், அது மை கொட்டியது இல்லை, உனக்கு அப்பாவின் ஆசீர்வாதம். வெறும் தாள் என்று நினைத்துப் போட்டிருக்கிறார்.

மூன்று பேரும் நூறு வயசு நன்றாக இருங்கள், பிள்ளைக்கு என் முத்தம். ஒன்றை மட்டும் மறக்காதே. வந்ததும் அவருக்கு நேர் எதிரே போய் நிற்காதே, ஜன்னல் வெளிச்சம் உன் முகத்தில் விழுகிற மாதிரி பக்கவாட்டில் நில், பிள்ளையையும் அப்படியே பிடி. எடுத்த எடுப்பில் அப்பா என்று கூப்பிட்டுவிடாதே, குரல் கேட்டால் பார்த்துவிட்டேன் என்று சொல்லிவிடுவார். சும்மா நில், அவராகப் பார்க்கட்டும், எவ்வளவு நேரம் ஆனாலும் பொறு. யாரும்மா நீங்க என்று கேட்டால் மட்டும் வாயைத் திற, அழாமல் பேசு.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அம்மா