பித்தளை முத்திரையைச் சுற்றிப் போனவனுக்கு

அன்பு மகன் டெவரோவுக்கு,

கர்த்தர் தயவில் நானும் உன் அப்பாவும் சுகம்தான், என் முழங்கால் மட்டும் மழை வருவதை வானத்துக்கு முன்னால் சொல்லிவிடுகிறது. கோபன்ஹேகன் குளிரில் நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? சாப்பிடுகிறேன் என்று நீ சொன்னால் நான் நம்பப்போவதில்லை, போன வாரம் அனுப்பிய போட்டோவில் சட்டைக் காலர் கழுத்தில் தொளதொளவென்று கிடந்தது. போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். மணி அடித்தால் உன் அப்பா ஓடி வந்து என் பக்கத்தில் நின்றுகொள்கிறார், இது அவர் காதில் விழக்கூடாத விஷயம்.

உன் ஒடெசா அத்தை சர்ச் விருந்துக்கு கேக் கொண்டுவந்தாள், தன் கையால் செய்ததாம். அடியில் கடை அட்டையின் தடம் அப்படியே பதிந்திருந்தது. அதைக் காட்டினேன், ஏன் அண்ணி, உங்களுக்கு ஆண்டவர் மேலயாவது நம்பிக்கை இருக்கா என்று கேட்டாள், மேசையே சிரித்தது. ஆண்டவர் மேல் இருக்கிறது, அவள் கேக் மேல்தான் இல்லை. நான் சந்தேகப் பிறவி என்று நீயும் சொல்வாய், சொல்லிக்கொள், ஆனால் இதை முழுக்கப் படி.

கீலேயாத் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர் அலுவலகத்திலிருந்து லத்ரிஸ் என்று ஒரு பெண் வந்தாள். அளவுக்கு மீறிச் சிரிக்கிற பெண், அதனால் முதலில் அவளைத்தான் சந்தேகப்பட்டேன். வேறெந்தக் கல்லூரியும் நம் கறுப்புப் பிள்ளைகளைப் படியேற விடாத காலத்தில் கட்டிய இடம், அங்கே பட்டம் வாங்கிப் பேர் எடுத்தவர்களின் படங்கள் பெரிய மண்டபத்துச் சுவரில் இருக்கின்றன, உனக்குத் தெரியாததா. நீதிபதி இருக்கிறார், அறுவை மருத்துவர் இருக்கிறார், அந்த ஓபரா பாடகி அம்மாள் இருக்கிறாள். நீ சினிமாவுக்கு இசை போடுகிறாய் என்று இந்த வருடம் உன் படமும் அந்தச் சுவரில் ஏறப்போகிறதாம். உன் அப்பா பதினைந்து வயதில் மர ஆலைக்குப் போனவர், அந்தக் கல்லூரியில் உன்னைச் சேர்த்துவிட்டதுதான் அவருடைய படிப்பு. அன்றைக்கே முடிவெட்டும் கடைக்குப் போய், ஜட்ஜுக்குப் பக்கத்துலயே என் பையன்டா என்று ஒருவர் விடாமல் சொல்லிவிட்டார். பழுப்பு கோட்டைத் தேய்த்துக் கதவில் மாட்டியிருக்கிறார், போகும்போதும் வரும்போதும் தொட்டுப் பார்க்கிறார்.

எல்லாம் சரிதான். ஆனால் அந்தப் பெண் கிளம்பும்போது, அம்மா, உங்க பையன்கிட்ட எந்தப் போட்டோ வேணும்னு கேட்டா அன்னிக்கே பதில் போடறார், எந்த வருஷம் பட்டம் வாங்கினீங்கன்னு கேட்டா மட்டும் வாயே திறக்க மாட்டேங்கறார், கொஞ்சம் கேட்டுச் சொல்றீங்களா என்றாள். இன்றில்லாவிட்டால் நாளை அவள் பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பாள், எனக்குப் பதிவேடு தேவையில்லை.

கல்லூரித் தேவாலயத்துக்கு முன்னால் தரையில் பதித்த, கல்லூரியின் பித்தளை முத்திரை ஞாபகம் இருக்கிறதா? பட்டம் வாங்கும் வரை யாரும் அதை மிதிக்கக் கூடாது, வாங்கிய அன்று இரண்டு காலாலும் குதித்து மிதிக்க வேண்டும். ஒடெசா தான் பட்டம் வாங்கிய அன்று குதித்த குதியில் செருப்புக் குதிகால் உடைந்து போனது. உன் பட்டமளிப்பு நாளில் நீ கறுப்பு அங்கியும் தொப்பியுமாக வந்தாய். வாடா, அது மேல நில்லு, போட்டோ எடுக்கலாம் என்று கூப்பிட்டேன். கூட்டமா இருக்கும்மா, அப்புறம் என்று சொல்லிப் புல்லில் இறங்கிச் சுற்றிக்கொண்டு போனாய். அங்கே ஒரு கூட்டமும் இல்லை மகனே. உன் அப்பா கேமராவுக்கு ஃபிலிம் மாற்றிக்கொண்டிருந்தார், அவர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். கேட்டால் நீ பொய் சொல்வாயோ என்று பயந்து இத்தனை வருடமும் கேட்கவில்லை.

இப்போது கேட்க வேண்டியிருக்கிறது. பழைய மாணவர்கள் எல்லாரும் கூடும் ஹோம்கமிங் சனிக்கிழமை, படம் ஏறுகிறவர்கள் பேண்டு முழங்க தேவாலயத்திலிருந்து மண்டபத்துக்கு நடப்பார்கள், வழி நேராக அந்த முத்திரை மேல்தான். உன் அப்பா முதல் வரிசையில் நிற்பார். உனக்கு உரிமை இருந்தால் வந்து ஓங்கி மிதி, நான் ஊர் கேட்கக் கத்துவேன், சந்தேகப்பட்டதற்கு உன்னிடம் மன்னிப்பும் கேட்பேன். இல்லையென்றால் அலுவலகத்துக்கு எழுதுவதற்கு முன்னால் உன் அப்பாவிடம் சொல். அவர் உடைந்துதான் போவார், ரெண்டு நாள் சாப்பிட மாட்டார், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். படம் ஏறாவிட்டாலும் நீ போட்ட இசை உன் இசைதான், நீ என் மகன்தான். ஆனால் நான் தெரிந்துகொண்ட மாதிரி, உன் காலைப் பார்த்து அவர் தெரிந்துகொள்ளக் கூடாது.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. கம்பளிச் சட்டை போடாமல் வெளியே போகாதே. ஹோம்கமிங்குக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நான் ஒடெசா வீட்டுக்குப் போய்விடுவேன், இருட்டும் வரை வர மாட்டேன். அப்போது போன் செய், அவர்தான் எடுப்பார்.

உன் அம்மா,
எர்னெஸ்டின்