வலமாக மட்டும் ஓடும் ரயில்

மார்ச் 2, ஞாயிறு

இன்றும் பாலாற்றுப் பாலத்தில் வண்டி கவிழ்ந்தது. அதே இடம், அதே மூன்றாவது பெட்டி. கவிழ்ந்ததோடு நிற்காமல் கீழே போய் ஆற்று மணலில் மூக்கைக் குத்திக்கொண்டது. நல்லவேளை, எங்கள் பாலாற்றில் தண்ணீர் இல்லை. நிஜப் பாலாறு மாதிரியே இருக்கட்டும் என்று வெறும் மணலை ஒட்டி வைத்தோம். இந்தப் பொம்மை ரயில் லேஅவுட்டில் அச்சு அசலாக அமைந்தது அது ஒன்றுதான்.

மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். பள்ளிக்கூட நாளிலிருந்து இதே மூன்று பேர்தான். பாஷ்யம் காலேஜில் கணக்கு வாத்தியாராக இருந்து ரிட்டையர் ஆனவன், சின்னக் காஞ்சிபுரம். வெங்கடேசனுக்குப் பிள்ளையார்பாளையத்தில் பட்டுக்குச் சாயம் போடும் பட்டறை. நான் செவிலிமேட்டில் பைப்பும் பெயின்டும் விற்கிறவன். பேரன் பேத்தி எடுக்கிற வயதில், என் வீட்டு மாடி அறையில், இரண்டு கட்டில் அகலப் பலகையின் மேல் விரல் உயர ரயிலை விட்டுக்கொண்டு, அது ஏன் கவிழ்கிறது என்று மண்டையை உடைத்துக்கொள்கிறோம்.

நான் அரத்தை எடுத்தேன். "தொடாதேடா கோதண்டம்" என்றான் பாஷ்யம். "நீ தொட்டா இருக்கறதும் கெட்டுப்போறது."

தொட்டேன். இப்போது இரண்டாவது பெட்டியும் கவிழ்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

தண்டவாளத்துக்கு நடுவே ஜல்லி போட வேண்டுமே, அதற்கு ரவையைப் போடலாம் என்று யோசனை சொன்ன மேதை நான்தான். போன மாதம் வெங்கடேசன் பட்டறையில் ரவைக்குச் சாம்பல் சாயம் ஏற்றிக் கொட்டி ஒட்டினோம். நிஜ ஜல்லி தோற்றது, போ! அப்படி இருந்தது.

இன்று போய்ப் பார்த்தால் ஸ்டேஷனிலிருந்து பாலம் வரைக்கும் எறும்பு. வரிசை தப்பாமல் ஆளுக்கொரு ஜல்லி தூக்கிக்கொண்டு போகிறது. என் ரயிலைவிட ஒழுங்காகப் போகிறது.

தேவகி எட்டிப் பார்த்தாள். "உப்புமா கிண்டியிருந்தா நாலு பேராவது சாப்ட்டிருப்பாங்க" என்றாள். கட்டிக்கொண்ட நாளிலிருந்து இவளிடம் நான் வாதாடி ஜெயித்ததில்லை.

மார்ச் 16, ஞாயிறு

ரவையைச் சுரண்டினேன். இடுப்பு போச்சு.

மார்ச் 30, ஞாயிறு

பாஷ்யம் இன்று ஆட்டோவில், மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு, வேட்டித் துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்தான். அவிழ்த்தால் கோயில்! தெர்மக்கோலில் சூட்டு ஊசியால் செதுக்கி, ராஜகோபுரம், மதில், உள்ளே ஒரு சின்ன சன்னிதி. இரண்டு மாதமாக வீட்டில் யாருக்கும் தெரியாமல் செய்தானாம். கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"நடுவுல வை. நாலு பக்கமும் தெரியும்" என்று சொன்னேன். நானேதான் சொன்னேன். இதை இங்கே எழுதி வைக்கிறேன், பின்னால் யார் மேலும் பழி போட முடியாதபடிக்கு.

ரயில் வட்டத்தின் நட்ட நடுவில் கோயில் உட்கார்ந்தது. காபி கொண்டுவந்த தேவகி செருப்பை அறைக்கு வெளியிலேயே விட்டுவிட்டு வந்தாள்.

காபி குடிக்கும்போது பாஷ்யம் சொன்னான்: ப்ரஹ்லாத் பெங்களூருக்கே வந்துவிடச் சொல்கிறானாம். ஒரே பிள்ளை. அவன் மனைவி மங்கைக்கும் சம்மதமாம். "ஆடிக்கு முன்னாடி கிளம்பிடுவோம்டா."

நான் என்ன சொன்னேன்? "சரி, அந்தப் பாலத்த இன்னா பண்ணலாம், சொல்லு" என்றேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

கூட்ஸ் வண்டியைக் கொட்டகைக்குள் விடுவதற்கு, தண்டவாளம் பிரிகிற பாயிண்டைத் தாண்டிப் போய், பின்னால் தள்ளிக்கொண்டு வர வேண்டும். அந்தப் பாயிண்டைப் போட நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இன்று முதல்முதலாக எல்லாம் சரியாக நின்றது. வண்டியைப் பின்னால் விட்டேன்.

"நிறுத்துடா!" என்று பாஷ்யம் கத்தினான். தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து சுவிட்சைப் பிடுங்கினேன்.

"இன்னாடா?"

"அப்பிரதக்ஷிணமா போறது பாரு. கோயிலை இடமா சுத்தறது."

ரயில், கோயிலை, தப்பான பக்கமாகச் சுற்றுகிறதாம்! ஒரு அடி பின்னால் தள்ளுவதும் கூடாதா என்று கேட்டேன். அதுவும் கூடாது. வெங்கடேசன் தலையைச் சொறிந்துகொண்டு, "அப்போ கொட்டாய்க்குள்ள எப்புடிபா வுடறது?" என்று கேட்டான். "விடாதே" என்றான் பாஷ்யம்.

"தெர்மக்கோல்டா அது!" என்றேன்.

"தெர்மக்கோல்னா அன்னிக்கு நீ ஏன் கன்னத்துல போட்டுண்டே?"

மாட்டிக்கொண்டால் எனக்கு வாய் நீளும். "இன்னும் மூணு மாசத்துல நீ பெங்களூரு பூடுவே. அப்பறம் என் ரயிலு எந்தப் பக்கம் ஓடுனா உனக்கின்னா?" என்றேன்.

பாஷ்யம் என்னைப் பார்த்தான். கண்ணாடிக் கூட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டான். போகும்போது கோயிலை எடுத்துக்கொண்டு போகவில்லை. வெங்கடேசன் மிச்சமிருந்த பஜ்ஜியைத் தின்றுகொண்டே, "இன்னாபா நீ, வாய வெச்சிக்கினு சும்மா இருக்க மாட்டியா?" என்றான்.

ஏப்ரல் 13, ஞாயிறு

வரவில்லை. வரமாட்டான். வராவிட்டால் போகட்டும்.

ஏப்ரல் 20, ஞாயிறு

போகட்டும் என்று எழுதியவன் காலையிலிருந்து மாடி ஜன்னலிலேயே நின்றுகொண்டிருந்தேன். ஆட்டோ வரும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பது, உடனே ஜன்னல் கம்பியைத் துடைப்பது. வெட்கமாக இல்லையா உனக்கு?

சரி, கோயிலை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு அவனைக் கூப்பிடலாம் என்று நினைத்தேன். தேவகி விடவில்லை. தினமும் அதற்கு ஒரு முழம் பூ வைக்கிறாளாம்; பக்கத்து வீட்டு நீலாம்பாள் சனிக்கிழமை வந்து சேவித்துவிட்டுப் போகிறாளாம். "கோயில எடுக்கறேன்னு இன்னொரு தபா சொல்லாதீங்க, வாயக் கழுவுங்க" என்றாள். என் ஊர், என் பலகை, என் தண்டவாளம். அதில் எனக்கு மட்டும் அதிகாரம் கிடையாது.

வீம்புக்கு, எல்லாரும் கீழே இருக்கும்போது, வண்டியை இடமாக ஒரு சுற்று விட்டேன். கோபுர வாசலைத் தாண்டும்போது சுவரைப் பார்த்துக்கொண்டேன். அது ஏன் என்று என்னைக் கேட்காதே.

மே 13, செவ்வாய்

கருட சேவை. காந்தி ரோட்டில் மூச்சு விட இடமில்லை. குடை அசைந்து வருகிறது, எல்லாரும் கையைத் தூக்குகிறார்கள், நானும் தூக்கினேன். எதிர்ப்பக்கம் பாஷ்யம். அவனும் தூக்கியிருந்தான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பார்த்து, ஒரே நேரத்தில் குடையைப் பார்த்தோம். குடை போன பிறகும் குடை இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். திரும்பிப் பார்த்தபோது ஆளில்லை.

பெருமாளிடம் என்ன வேண்டிக்கொண்டாய் என்று தேவகி கேட்டாள். வியாபாரம் என்றேன்.

மே 25, ஞாயிறு

நான் தினமும் மாடிக்குப் போய் ரயிலை ஓட்டாமல் பார்த்துவிட்டு வருவது தேவகிக்குப் பொறுக்கவில்லை. துணி மடித்துக்கொண்டே கேட்டாள்: "பன்னெண்டு மணிக்கு நட சாத்திட்டா எந்தக் கோயில்ல யாரு சுத்தறாங்க? சாத்திட்டு வுட்டுக்கோங்களேன் உங்க ரயில."

அடிப் பாவி! ஒன்றரை மாதமாக இதை எங்கே வைத்திருந்தாய்?

ஜூன் 1, ஞாயிறு

சன்னிதிக்குக் கதவு. ஜரிகைப் பெட்டி அட்டையில் வெங்கடேசன் வெட்டினான், நான் ஒட்டினேன். முதல் கதவு சன்னிதியைவிடப் பெரிது. இரண்டாவது திறந்தால் மூடவில்லை. மூன்றாவது என் கட்டைவிரலோடு ஒட்டிக்கொண்டது. நான்காவதை வெங்கடேசன் என்னைத் தொடவிடாமல் அவனே ஒட்டினான். பாஷ்யம் இல்லாத குறைக்கு இவனும் "தொடாத, தொடாத" என்கிறான்.

ஜூன் 8, ஞாயிறு

கதவை நிலையோடு கழற்றித் தீப்பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு பாஷ்யம் வீட்டுக்குப் போனேன். கூடம் பூரா அட்டைப் பெட்டி. மங்கை, "வாங்கோ, வாங்கோ, இத்தனை நாளா எங்கே?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் காபி போடப் போனார். புத்திசாலிப் பெண்மணி.

தீப்பெட்டியை நீட்டினேன். "நட சாத்திட்டு ரிவர்ஸ் எடுத்தா ஒத்துக்குவியா?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குக் கேவலமாக இருந்தது. அறுபது வயதுக்காரன் கேட்கிற கேள்வியா?

அவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கதவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வெகு நேரம் பார்த்தான்.

"வெளிப்பக்கமா திறக்கறதேடா. சன்னிதிக் கதவு உள்பக்கம்னா திறக்கணும்."

"அப்போ ஒத்துக்கறியா?"

"மத்தியானம் பன்னெண்டுலேர்ந்து நாலு வரைக்கும்தான்" என்றான். பிறகு கதவைத் தீப்பெட்டியில் வைத்து மூடிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னான்: "ஊரை விட்டுப் போறேன்னு சொன்னேன். நீ பாலத்தைப் பத்திக் கேட்டே."

போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் பாலத்தைக் கேட்டேன் என்று சொன்னேன். சொல்லிவிட்டேன், எப்படியோ. அந்த நேரம் பார்த்து மங்கை காபி கொண்டுவந்ததால், சூடு என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். காபி ஆறிப்போயிருந்தது.

ஜூன் 29, ஞாயிறு

பாஷ்யத்துக்குக் கடைசி ஞாயிறு. மத்தியானம் பன்னிரண்டு அடித்ததும் அவனே குச்சியால் நடையைச் சாத்தினான். வெங்கடேசன் வாயால் மணி அடித்தான். பாஷ்யமே கன்ட்ரோலரைத் திருப்பி, கூட்ஸ் வண்டியைப் பின்னால் தள்ளி, கொட்டகைக்குள் கொண்டுபோய் விட்டான். ஒரு பெட்டிகூடக் கவிழவில்லை. நான் எதையும் தொடவில்லை என்பதுதான் காரணம் என்று இரண்டு பேரும் சேர்ந்து சொன்னார்கள்.

பாலத்தைப் பார்க்க நேரமில்லாமல் போய்விட்டது.

ஜூலை 4, வெள்ளி

போய்விட்டார்கள். கார் மறையும் வரை கையை ஆட்டினேன். பாஷ்யம் அதில் இல்லையாம், பின்னால் சாமான் டெம்போவில் டிரைவர் பக்கத்தில் இருந்தானாம். வெங்கடேசன் அப்புறம்தான் சொல்கிறான்.

ஜூலை 20, ஞாயிறு

வெங்கடேசன் ஏதோ கல்யாணத்துக்குப் போய்விட்டான். தனியாக ஓட்டினேன். ஒரு பெட்டியைக் கொக்கியில் மாட்ட, வண்டி அரை அடி பின்னால் வந்தால் போதும். காலை பத்து மணி, நடை திறந்திருக்கிறது. கதவைச் சாத்தலாம் என்றால் நேரம் பன்னிரண்டு ஆகவில்லை. அறையில் யாருமில்லை. யார் கேட்கப் போகிறார்கள்?

முன்னால் விட்டேன். அரை அடிக்காக முழு ஊரையும் வலமாகச் சுற்றி வரட்டும் என்று விட்டேன். பாலத்தில் போய்க் கவிழ்ந்தது. இஞ்சினிலிருந்து கடைசிப் பெட்டி வரைக்கும், ஒன்று பாக்கியில்லை.

போன் போட்டேன். "கவுந்துடுச்சுடா."

"எந்தப் பக்கமா விட்டே?"

"வலமாத்தான்."

"யார் இருந்தா பக்கத்துல?"

"யாருமில்ல. நான் மட்டும்தான்."

கட்டாகிவிட்டதா என்று திரையைப் பார்த்தேன், இல்லை. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆவணி அவிட்டத்துக்கு வரேன். வந்து நான் பாக்கறேன். அதுவரைக்கும் நீ தொடாதே" என்றான்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மாடியைப் பெருக்கி வைத்தாயிற்று. பஜ்ஜிக்கு வாழைக்காய் வாங்கியாயிற்று. சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு வெங்கடேசன் வண்டி எடுத்துக்கொண்டு போகிறான்.

ரயில் பாலத்தில் விழுந்த மேனிக்கு அப்படியே கிடக்கிறது. தேவகி அதைச் சுற்றி மட்டும் தூசி தட்டுகிறாள். அரம் அலமாரியில் இருக்கிறது.

நான் தொடவில்லை.