வலப்பக்கமிருந்து எழுதிய சொல்வதெழுதல்

பினாங்கு,
10-11-1934

அன்புள்ள மகள் நவமணிக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் கர்த்தர் கிருபையால் சுகம், சென்னை மழையில் நீயும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டே எழுதுகிறேன். இன்று காலை எழுந்ததும் ஜெபத்துக்கும் முன்னால் பரீட்சைத் தாள் கட்டைப் பிரித்து, ஹபீபா பீவியின் தாளை எடுத்து மறுபடி பார்த்தேன். அப்பா கண்டுவிட்டு, சனிக்கிழமையிலாவது காப்பிக்குப் பிறகு பள்ளிக்கூடம் வைத்துக்கொள்ளேன் என்று சிரித்தார். அவருக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, முன்போல ஃபெர்ரி ஏறி பட்டர்வொர்த் ரயில் ஆபீசுக்குப் போய் வருகிறார்.

ஹபீபா யார் என்று கேட்பாய். ஜவுளிக்கடை பஷீரின் மகள், பன்னிரண்டு வயது, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குப் பின்சந்தில் வீடு, ஜூன் மாதம்தான் எங்களிடம் சேர்ந்தாள். இந்த வருஷம் பாஸானால் மேலே படிக்கட்டும், இல்லாவிட்டால் வீட்டோடு இருக்கட்டும் என்று அவள் வாப்பா அன்றைக்கே சொல்லிவிட்டார். சொல்வதெழுதலில் தேறாமல் வகுப்பு ஏற முடியாது. செவ்வாய்க்கிழமை ஐந்து வாக்கியம் சொன்னேன், இவள் தாள் முழுக்க அரபு எழுத்து, வலப்பக்கத்திலிருந்து. மீனாட்சி டீச்சர் எட்டிப் பார்த்து, "ஓதப் போற எடத்துல எழுதுறத இங்க எழுதி வச்சிருக்கா, முட்டையப் போடுங்கக்கா" என்றாள். நான் பிள்ளையைக் கேட்டேன். "தமிழ்தான் டீச்சர், எழுத்துத்தான் அது. உங்க எழுத்து எனக்கு மெதுவாத்தான் வரும், நீங்க ரயிலு மாதிரி சொன்னீங்க" என்று ஐந்தையும் தடுமாறாமல் வாசித்தாள். "மனப்பாடம்லா! காதால கேட்டத ஒப்பிக்கிறா" என்று மீனாட்சி விடவில்லை. அதுவும் நியாயமாகத்தான் பட்டது. ஆகவே புதிதாக ஒரு வாக்கியத்தை அவள் காதில் மட்டும் சொல்லி எழுத வைத்து, இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். அவளோடு யாரையும் பேசவிடாமல் அவள் உம்மா நூர் பீவியிடம் நேராகப் புதுத் தாளை நீட்டினேன். அவர் வாசித்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "மீனாட்சி டீச்சர் குடையில் ஏழு ஓட்டை"! நான் சொன்னது அதேதான். பிறகு பரீட்சைத் தாளையும் வாங்கிப் படித்தவர் முகம் மாறியது. "ஏட்டி, மழைக்குக் கீழ்ப்புள்ளி எங்கட்டி?" என்று மகளை ஒரு அதட்டல், என்னிடம், "அரை மார்க்கு கொறச்சுக்கங்க டீச்சரம்மா, செல்லங் கொடுக்காதீங்க" என்றார். அந்த எழுத்தில் அடியில் ஒரு புள்ளி வைத்தால்தான் ழகரமாம். என் வகுப்பில் பத்தொன்பது பேர், பதினோரு பேர் மழைக்கு மலை என்று எழுதியிருந்தார்கள். ஊரிலுள்ள தம் தாயாருக்கு இதே எழுத்தில் மாதா மாதம் கடிதம் எழுதுகிறவராம் இந்த நூர் பீவி. சேர்க்கைப் புத்தகத்தில் அவர் பெயருக்கு நேரே எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று என் கையால்தான் எழுதியிருக்கிறேன். வீட்டுக்கு நடந்து வரும்போது வெட்கமாக இருந்தது, ஆனால் ஏனோ மனது இலேசாகவும் இருந்தது.

நீயும் அடுத்த வருஷம் டீச்சராகிச் சிவப்புப் பென்சில் பிடிக்கப்போகிறாய். உனக்கு வாசிக்கத் தெரியாத தாளுக்கு அன்றைக்கே முட்டை போட்டுவிடாதே, ஒரு நாள் வைத்திருந்து யாரிடமாவது கேள். இருபது வருஷத்தில் நான் அப்படி எத்தனை போட்டேனோ. ஹபீபா நம் எழுத்தையும் வேகமாக எழுதப் பழகத்தான் வேண்டும், திங்கள் முதல் தினமும் அரைமணி நேரம் என்னோடு இருக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஹாஸ்டலில் இரவுச் சாப்பாட்டைத் தட்டிக் கழிக்காதே, ஈரத் தலையோடு தூங்காதே. அப்பாவுக்குத் தனியாக நாலு வரி எழுது, எனக்கு வரும் கடிதத்தில் தம் பெயர் எங்கே என்று தேடுகிறார். ஆண்டவர் உன்னைக் கண்மணிபோல் காத்து, எடுத்த படிப்பை நல்லபடி முடிக்கச் செய்வாராக. புதன்கிழமை இன்ஸ்பெக்டர் வந்து தாள்களைக் கேட்பார். என் தலைமையாசிரியை வேலைக்கே கேடு வரும் என்று மீனாட்சி பயப்படுகிறாள், அந்தத் தாளை அடியில் செருகிவிடச் சொல்கிறாள். நான் செய்யப்போவது அவளுக்கும் அப்பாவுக்கும் இன்னும் தெரியாது, உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன். ஐந்துக்கு நாலரை போட்டு, தேர்ச்சி என்று எழுதிக் கையெழுத்திட்டு, அந்தத் தாளைக் கட்டின் மேலேயே வைக்கப்போகிறேன். இது என்ன என்று இன்ஸ்பெக்டர் கேட்டால், தமிழ் என்று சொல்வேன்.

உன் அன்பு அம்மா,
நல்லம்மாள்