திறந்து கிடந்த பதினேழு முறைப்பாடுகள்

2025 மார்ச் 3, திங்கள்

ரொசல்லையில் லொறி ஒன்று குறுக்கே நின்றதால் பஸ் அரை மணி நேரம் தாமதம். ஒன்பதரைக்குத்தான் ஹட்டனில் இறங்கி மையத்தைத் திறந்தேன்.

மெயிலில் ஓர் எச்சரிக்கை வந்திருந்தது. நாங்கள் பாவிக்கும் வெப் சேர்வர் மென்பொருளில் ஓட்டை. இணைய முகவரியோடு சில புள்ளிகளையும் சாய்கோடுகளையும் சேர்த்து அடித்தால், வெளியாருக்குக் காட்டக் கூடாத கோப்புகளும் திறந்துவிடுமாம். திருத்தம் வந்துவிட்டது, உடனே போடுங்கள் என்கிறார்கள். எங்கள் பதிப்பைப் பார்த்தேன். அதேதான்.

போட்டோகொப்பி மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஒரே பெட்டியில்தான் எங்கள் மகளிர் உதவி மையத்தின் இணையத்தளம் ஓடுகிறது. மையத்தில் வெளிக்கள வேலை பார்க்கும் நாகலெட்சுமி அக்கா தேயிலைத் தோட்டம் தோட்டமாகப் போய் எழுதி வாங்கிய முறைப்பாடுகளும் அதற்குள்தான். யார் கையைப் பிடித்தான், எந்த மலையில், எந்த நாளில் என்று எல்லாம், அடையாள அட்டைப் படத்தோடு. பதினேழு பெண்கள். இங்கே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள் நான். இரண்டையும் ஒன்றாக வைக்க வேண்டாம் என்று போன வருடமே எழுதிக் கொடுத்தேன்.

பணிப்பாளர் கந்தப்பன் சேரிடம் ஓடினேன்.

"நம்ம ஹட்டன்ல கெடக்குறத யாரு தேடி வரப்போறா, தனுஜா? வெள்ளிக்கெழம மையத்துக்குக் காசு உதவி குடுக்குறவங்க வர்றாங்க. அதுவரைக்கும் எதையும் நிப்பாட்டாத."

யாரும் தேடி வர வேண்டியதில்லை. உலகத்திலுள்ள கதவை எல்லாம் வரிசையாகத் தட்டிப் பார்க்க இயந்திரங்களே இருக்கின்றன. அவற்றுக்கு ஹட்டன் என்ன, கொழும்பு என்ன? சொன்னேன். அதற்குள் அவர் போனைக் காதில் வைத்துவிட்டார்.

மார்ச் 4, செவ்வாய்

சேர்வரில் எதையும் மாற்றும் உரிமை அதைப் பராமரிக்கும் கொழும்புக் கம்பனிக்குத்தான். என் சொந்த ஃபோல்டரைத் தவிர மற்றதை நான் பார்க்கலாம், அவ்வளவுதான். அங்கே வேலை செய்யும் சுமனுக்கு மூன்று தடவை கோல் எடுத்தேன். முதல் தடவை, "சின்ன விசயம் மிஸ், இன்டைக்கே செஞ்சிடுறம்." இரண்டாவது தடவை மீட்டிங். மூன்றாவது தடவை, இரண்டு மணிக்கு, சாப்பிடப் போயிருக்கிறாராம்.

சின்ன விசயம்!

மார்ச் 5, புதன்

"வேலை முடிந்தது" என்று மெயில். சேருக்கும் ஒரு பிரதி. எனக்கு நம்பிக்கை வரவில்லை. இணையத்தளத்துக்கு வெளியே இருக்கும் என் சொந்த ஃபோல்டரில் 'இது சோதனை' என்று ஒரு கோப்பை எழுதி வைத்தேன். பிறகு கடைத்தெருவுக்கு இறங்கிப் போய், என் போனிலிருந்து அந்தப் புள்ளிகளையும் கோடுகளையும் அடித்தேன்.

திறந்தது. 'இது சோதனை.' நடுரோட்டில் நின்று வாசித்தேன்.

பிறகுதான் புரிந்தது, என்ன செய்திருக்கிறார்கள் என்று. மென்பொருளை மாற்றவேயில்லை. பதிப்பு எண் வெளியே தெரியாதபடி மறைத்திருக்கிறார்கள். கதவுக்குப் பூட்டுப் போடச் சொன்னால், வாசலில் இருந்த வீட்டு நம்பரைக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள்! இதற்கு ஒரு மெயில் வேறு!

மார்ச் 6, வியாழன்

சேரிடம் காட்டினேன். போனைத் திரும்பியும் பார்க்கவில்லை. "கம்பெனிக்காரன் முடிஞ்சதுன்னு எழுதிக் குடுத்துட்டான். நீ அவனவிடப் பெரிய ஆளா? நாலு எழுத்து கம்ப்யூட்டர் படிச்சிட்டு வந்து எல்லாரையும் பயங்காட்டாத." எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேசைக்கு வந்து சேர்வரின் பதிவேட்டைத் திறந்தேன். யார் வந்தார்கள், எதைத் திறந்தார்கள் என்று அது தானாகவே குறித்து வைக்கும்.

செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 2.10 முதல் 2.12 வரை. வெளியிலிருந்து யாரோ. முறைப்பாட்டு ஃபோல்டர். பதினேழு கோப்புகளும். ஒன்றுகூட மிச்சமில்லை.

சுமன் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம்.

எழுந்து போனேன். பெட்டியின் பின்னால் இருந்த நெட் வயரைப் பிடுங்கிவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. இனிக் கேட்க என்ன இருக்கிறது?

மார்ச் 7, வெள்ளி

உதவி கொடுப்பவர்கள் வந்தபோது இணையத்தளம் இல்லை. அவர்கள் போனதும் சேர் வெடித்தார். "யாரக் கேட்டுக் கழட்டுன?"

"பதினேழு பேரோட பேப்பரும் வெளிய போயிருச்சு சேர். அவங்களுக்குச் சொல்லணும்."

"சொன்னா இனிமே ஒருத்தியும் இங்க வரமாட்டா. நீ வாயத் தொறக்கக் கூடாது. ரெண்டு வாரம் லீவுல இரு."

வயரைத் திரும்பக் குத்திவிடுவாரோ என்று பயந்தேன். நாகலெட்சுமி அக்கா அதைச் சுருட்டித் தன் ஹேண்ட்பேக்கில் போட்டுக்கொண்டதைப் பஸ் ஸ்டாண்டில் வைத்துச் சொன்னாங்க. "கையெழுத்து வாங்குனது நான். நான் போயி சொல்றேன். நீயும் வர்றியா?"

மார்ச் 8, சனி

கோபம் அடங்கவில்லை. துணி துவைத்தேன். எல்லாவற்றையும் இரண்டு தடவை.

மார்ச் 9, ஞாயிறு

முதலில் வட்டவளைப் பக்கம், மீனம்மாவின் லயத்து வீட்டுக்கு. கொழுந்து எடுக்கிறவங்க, நாற்பத்தைந்து வயதிருக்கும். மலை வேலையை மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு ஒருவர்மேல்தான் முறைப்பாடு. குடத்தோடு வந்தவங்க அதை இறக்கிவைக்காமலே கேட்டாங்க.

நாகலெட்சுமி அக்கா தொடங்கும்போதே அழுதுவிட்டாங்க. மிச்சத்தை நான் சொன்னேன்.

"யாரு பாத்தா?"

"தெரியாதுங்க."

"எத்தன பேரு?"

"அதுவும் தெரியாது."

"அப்ப ஒங்களுக்கு என்னாதான் தெரியும்? ரெண்டு வருசம் புருசன்கிட்டகூட சொல்லாம வச்சிருந்தேன். பத்திரமா இருக்கும்னு சொன்னீங்க. சொன்னேன்." குடத்தை இறக்கினாங்க. "அந்தாளுக்கு என் பேரு தெரியட்டும். அது நான் சொல்லித் தெரியணும். நீங்க தொறந்து போட்டதால தெரியக்கூடாது."

மூன்று நாளாகப் பூட்டச் சொல்லிக் கெஞ்சியதைச் சொன்னேன். என்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ளவா சொன்னேன்? இருக்கலாம்.

மீனம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்தாங்க. "பூட்டச் சொல்லியும் பூட்டலையா? அத எழுதிக் குடுங்க. ஒங்க சேரு கையெழுத்தோட."

மார்ச் 12, புதன்

பதினேழு பேருக்கும் சொல்லி முடித்தோம். ஒருவர் கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாகச் சொன்னோம்.

மார்ச் 17, திங்கள்

நடந்ததை எழுத்தில் கேட்டு, பதினேழு பேரில் ஒன்பது பேர் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு ஹட்டனுக்கு வந்தார்கள். அக்கா கூப்பிட்டதால் நானும் போனேன். சேர் பிளேன்டீ வரவழைத்தார். ஒருவரும் தொடவில்லை.

"எழுத்துல குடுத்தா மையத்தோட பேரு கெட்டுப் போயிரும்மா."

மீனம்மா எழுந்து நின்றாங்க. "ஒங்க மையத்துக்கு ஒரு பேரு. எங்களுக்கும் ஆளுக்கு ஒரு பேரு இருக்குங்க சேர்."

சேர் என்னைப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில், "நீயே டைப் பண்ணு" என்றார். எச்சரிக்கை வந்த நாள், நான் சொன்ன நாள், கோப்புகள் திறக்கப்பட்ட நேரம், யார் மறுத்தது. ஒன்றையும் விடவில்லை. பதினேழு பிரதிகளிலும் கையெழுத்து வைத்தார். ஏழாவது பிரதியில் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் திரும்ப எடுத்தார். எனக்குப் பாவமாக இல்லை.

மார்ச் 20, வியாழன்

லீவு முடியுமுன்பே சேர் கூப்பிட்டார்; வேலைக்குத் திரும்பினேன். கம்பனியிடமிருந்து சேர்வரின் முழு உரிமையும் என் கைக்கு வந்துவிட்டது. முதல் வேலையாகத் திருத்தத்தைப் போட்டேன். போட்ட கையோடு இன்னோர் அறிவிப்பு: முதல் திருத்தம் போதாதாம், வேறு விதமாக எழுதினால் அதே ஓட்டை திறக்கிறதாம். இரண்டாவது திருத்தத்தையும் போட்டேன். என் சோதனைக் கோப்பை எட்டு விதமாகக் கேட்டுப் பார்த்தேன். எட்டு தடவையும் மறுத்தது. முறைப்பாடுகளை நெட் தொடாத வேறு கணினிக்கு மாற்றினேன்.

இரண்டு பேர் வந்து முறைப்பாட்டை வாபஸ் வாங்கிக்கொண்டு போனார்கள். ஒருவர் தன் முறைப்பாட்டுக் கடதாசியை என் முன்னாலேயே கிழித்தார். அந்தச் சத்தம். அது சுமனுக்குக் கேட்க வேண்டும். கேட்காது.

ஏப்ரல் 8, செவ்வாய்

தோட்டத்து ஒப்பீசில் இன்று விசாரணை. அக்கா போய் வந்து சொன்னாங்க. மீனம்மா தன் முறைப்பாட்டைத் தானே சத்தமாக வாசித்தாங்களாம். எழுத்துக் கூட்டி, நிறுத்தி நிறுத்தி. கண்டாக்கு, "யாரோ சொல்லிக் குடுத்தது" என்றாராம். "எனக்கு நடந்தத எனக்கு யாருங்க சொல்லிக் குடுக்கணும்?"

முடிவு இன்னும் இல்லை. அதுவரை கண்டாக்கு மீனம்மா வேலை செய்யும் மலைக்குப் போகக் கூடாது என்று தோட்டத்து மேனேஜர் துரை சொல்லியிருக்கிறார். அந்தக் கோப்புகள் யார் கையில் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இனியும் தெரியப்போவதில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

வேறொரு ஓட்டை, வேறோர் எச்சரிக்கை. பத்து மணிக்குச் சேர்வரை நிறுத்தினேன். கந்தப்பன் சேர் எட்டிப் பார்த்தார்.

"எவ்வளவு நேரமாகும்?"

"தெரியாது சேர். சரியா பாத்துட்டுத்தான் போடுவேன்."

தலையாட்டிவிட்டுக் கதவை மெல்லச் சாத்தினார். வெளியே யாரோ இணையத்தளம் வேலை செய்யவில்லை என்று சத்தம் போடுவது கேட்டது. பிறகு அவர் குரல்: "தனுஜா நிப்பாட்டியிருக்காங்க. உக்காருங்க. முடிஞ்சதும் அவங்களே சொல்வாங்க."