இருபத்துநாலா, முப்பத்தாறா

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே என் முட்டியைத் தவிர எல்லோரும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். போனில் அதைத் தவிர வேறு எதுவும் நீ சொல்வதில்லையே. "அப்புறம்க்கா, அப்புறம்" என்று என்னையே பேசவிட்டுப் போனை வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். நடுவில் "மீட்டிங் இருக்குக்கா" என்று இதிலிருந்து எழுந்து போக முடியாது பார்.

முதலில் கெட்ட செய்தி. யானை படுத்துவிட்டது. வீட்டு பிளான் அடிக்கிற நம் ஆபீஸின் பெரிய பிரிண்டருக்கு நீ வைத்த பெயர் இன்னும் அதேதான். கொஞ்ச நாளாகவே கோடுகளை நடுநடுவே முழுங்கிக்கொண்டிருந்தது. மெக்கானிக் வந்து வயிற்றைத் திறந்து பார்த்தார். "மை பீச்சுற ஹெட்டு போயிடுச்சு மேடம், இந்த மாடலுக்கு இப்ப யாரும் ஹெட்டு செய்றதில்ல" என்று துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி சொன்னார். நம் டிராஃப்ட்ஸ்மேன் தாடி அன்று மதியம் சாப்பிடவே இல்லை. தாடியை எடுத்து வருஷம் ஆகிவிட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

புதுசு பார்க்க அலைந்து அலைந்து எனக்குக் கால் ஓய்ந்துவிட்டது. எந்தக் கடைக்குப் போனாலும் பூ, கிளி, சிரிக்கிற குழந்தை என்று அடித்து அடித்துக் காட்டி, "கலர் பாருங்க மேடம், கலர் பாருங்க" என்கிறார்கள். எனக்கு எதற்குக் கலர்? நான் கையோடு ஒரு மாடிப்படி கொண்டுபோயிருந்தேன். மெல்லிய கோடுகள் நெருக்கி நெருக்கி வருமே, அந்த டிராயிங். ஒரு மிஷினில் படியெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கறுப்புப் பட்டையாக வந்தது. இன்னொன்றில் படி படியாகவே வந்தது. விரலைத் தண்ணீரில் நனைத்து ஓர் இழுப்பு இழுத்தேன், அழுத கண்ணில் மை மாதிரி ஈஷிக்கொண்டது. சைட்டில் தண்ணீரும் சிமெண்டுக் கையும் படாத டிராயிங் உண்டா? அந்தக் கடைக்காரர் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும்.

கடைசியில் ஒன்று மனசுக்குப் பிடித்தது. கோடு சுத்தம். தண்ணீருக்கும் அசையவில்லை. சத்தமும் குறைச்சல். அதில் இரண்டு அளவு இருக்கிறது. இருபத்துநாலு இன்ச் தாள் போகிறது சின்னது, மேஜைமேல் வைத்துக்கொள்ளலாம். முப்பத்தாறு இன்ச் தாள் போகிறது பெரியது, தன் காலில் தானே நிற்கும். உன் அத்தான் டேப்பை எடுத்துக்கொண்டு நம் ஆபீஸ் மாடிப்படியை மேலும் கீழும் அளந்துவிட்டு, "எது வாங்கினாலும் வாங்கு, என்னைத் தூக்கச் சொல்லாத" என்று தன் முடிவைச் சொல்லிவிட்டார்.

அந்தக் கடையில் இருந்தவர் பொறுமையான மனிதர். "நீங்க அடிக்கிறதுலயே பெரிய ஷீட்டு எவ்வளவு அகலம் மேடம்?" என்று கேட்டார். ரொம்பச் சாதாரணக் கேள்வி. ஆனாலும் "கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். சொந்த ஆபீஸ் வைத்திருக்கிறவள் யாரைக் கேட்டுச் சொல்வாள் என்று அவர் குழம்பியிருப்பார்.

உன்னைத்தான் கேட்க வேண்டும். என் வேலைக்கு இருபத்துநாலு போதும். நான் துண்டு துண்டாக வரைகிறவள். சமையலறைக்கு ஒரு தாள், படிக்கு ஒரு தாள். நீ அப்படி இல்லை. "முழு வீடும் ஒரே தாள்ல தெரியணும்க்கா, ஒரு சுவரு கட்டும்போது மத்த சுவரும் மேஸ்திரி கண்ணுல படணும்" என்பாய். அதற்காகத்தானே யானையை வாங்கினோம். அந்த அகலத் தாளுக்கு ஆபீஸில் இன்னும் 'தம்பி தாள்' என்றுதான் பெயர். நீ வெளியூர் வேலைக்குப் போன பிறகு தம்பி தாளில் புதிதாக ஒரு வீடும் வரவில்லை. ஆனாலும் அந்த ரோலை வாங்கி வைப்பதை நான் நிறுத்தவில்லை.

வாத்தியார் வீட்டு விஷயம் உனக்குத் தெரியாது, சொல்கிறேன். நீ வரைந்து வைத்துவிட்டுப் போன கடைசி வீடு. அவர் மனைவிக்குச் சக்கர நாற்காலி என்று கதவு கதவாக யோசித்து யோசித்துப் போட்டாயே, அதுதான். சுவரெல்லாம் எழும்பி, குளியலறைத் தடுப்பு மட்டும் பாக்கி. மேஸ்திரி கையிலிருந்த தாள் நைந்துபோய் வேறு கேட்டார். யானைதான் படுத்துவிட்டதே, தாடி வெளியே ஒரு கடையில் அடித்து வாங்கிக் கொடுத்தான். அங்கே இருந்தது சின்ன மிஷின். 'தாளுக்குள் அடக்கு' என்று ஒரு கட்டம் வரும் இல்லையா, அதில் டிக் போட்டுவிட்டார்கள். உன் வீடு மொத்தமும் சமர்த்தாகச் சுருங்கி உள்ளே உட்கார்ந்துகொண்டது. எண்கள் எறும்பு மாதிரி ஆகிவிட்டன. மேஸ்திரியால் படிக்க முடியவில்லை, தாளின்மேல் ஸ்கேலை வைத்து அளந்துவிட்டார். அவருக்கும் சந்தேகம் வந்திருக்கிறது. "கதவு ரொம்ப ஒடுக்கமா இருக்கேப்பா" என்று போன் செய்து கேட்டிருக்கிறார். தாடி நம் ஆபீஸ் மந்திரத்தைச் சொல்லிவிட்டான்: "படத்துல இருக்கறபடி கட்டுங்க மேஸ்திரி." நீ சொல்லிக்கொடுத்த மந்திரம்தான்.

அந்த அம்மா வீடு பார்க்க வந்த அன்று நானும் போயிருந்தேன். வாசல், கூடம், படுக்கையறை எல்லாம் வழுக்கிக்கொண்டு போனார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். குளியலறை வாசலில் இரண்டு சக்கரமும் இரண்டு பக்கச் சுவரில் இடித்து நின்றன. வாத்தியார் குனிந்து நாற்காலியைப் பின்னால் இழுத்தார். அந்த அம்மாதான், "பரவாயில்லம்மா, நான் இளைச்சுடறேன்" என்று சிரித்தார். நாற்காலி எப்படியடா இளைக்கும்? எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது. இப்போது இடித்துவிட்டுத் திரும்பக் கட்டுகிறோம். மேஸ்திரியை என்னால் ஏறெடுத்துப் பார்க்க முடியவில்லை.

இனி சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். நீ இங்கே திரும்பி வருகிறாயா, இல்லையா? வருகிறாய் என்றால் முப்பத்தாறு. யானை நின்ற இடத்திலேயே நிற்கும், உன் மேஜை உன் மேஜையாக இருக்கும். வரவில்லை என்றால் இருபத்துநாலு. அது உன் மேஜைமேல்தான் உட்காரும், வேறு மேஜை இல்லை.

போன தடவை கேட்டபோது "பாக்கலாம்க்கா" என்றாய். அதற்கு முந்தின தடவையும் அதேதான். நம் வீட்டில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும். சைக்கிள் கேட்டபோது அப்பாவும் பாக்கலாம் என்றுதான் சொன்னார். பள்ளிக்கூடம் முடிகிறவரை நடந்துதானே போனோம்! பிளானைப் பார்த்துவிட்டுப் "பாக்கலாம்" என்று சொல்லிப் போகிற பார்ட்டிகளின் ஃபைலைத் தாடி அன்றைக்கே பரணில் தூக்கிப் போட்டுவிடுகிறான். உன் ஃபைலைத்தான் என்னால் தூக்கிப் போட முடியவில்லை.

நீ போனதில் எனக்குக் கோபம் இல்லை. சொல்லாமல் இருக்கிறாயே, அதில்தான் கோபம். ஓர் இடத்தைக் காலியாக வைத்துக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றி நடக்க எனக்கு அலுப்பாக இருக்கிறதுடா. காரணம் எழுத வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். ஒரே ஓர் எண் அனுப்பு. எந்த எண்ணாக இருந்தாலும் உன்மேல் கோபப்பட மாட்டேன். கோபப்பட்டாலும் காட்டிக்கொள்ள மாட்டேன். 'பாக்கலாம்' என்று மட்டும் எழுதிவிடாதே.

வேளைக்குச் சாப்பிடு. அம்மா உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

உன் பதிலுக்கு உட்கார்ந்திருக்கும்,
அக்கா

*

அன்புத் தம்பிக்கு,

உன் எண் கிடைத்தது. "24 போதும்க்கா." அந்த ஒரு வரிக்கு முன்னால் நீ எவ்வளவு எழுதி எழுதி அழித்தாய் என்று போனில் 'டைப்பிங்' வந்து வந்து மறைந்ததே காட்டிக்கொடுத்தது. போகட்டும், அந்த ஒரு வரி போதும். பொய் சொல்வானேன், குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு கடைக்குப் போன் செய்தேன். அன்று படுத்த உடனே தூங்கிவிட்டேன். அப்படித் தூங்கி எவ்வளவு நாளாயிற்று!

மிஷின் வந்துவிட்டது. உன் அத்தான் தூக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, கடைசியில் அவர்தான் தூக்கினார். உன் மேஜைமேல் உட்கார்ந்திருக்கிறது. உன் ஸ்கேல், பென்சில், அந்த உடைந்த காம்பஸ் எல்லாம் ஒரு பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. அம்மாவிடம் "சின்ன மிஷின் வந்திருக்கும்மா" என்று மட்டும்தான் சொன்னேன். "அப்ப அவன் வரலன்னு சொல்லிட்டானா?" என்று கேட்டாள். அவளிடம் எதை மறைக்க முடிகிறது? ஆமாம் என்றேன். அப்புறம், "அங்க நல்லா தூங்குறானாமா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. நீயே அவளுக்குச் சொல்லிவிடு.

புது மிஷினில் முதலில் அடித்தது உன் வாத்தியார் வீடுதான். சுருக்காமல், முழு அளவில், இரண்டு பாதியாக. தாடி வெட்டி ஒட்டினான். கோடு கோட்டோடு சேர்ந்துகொண்டது, விரலால் தடவினால்தான் ஒட்டு தெரிகிறது. அதை வைத்துத்தான் மேஸ்திரி அந்த வாசலைத் திரும்பக் கட்டினார்.

நேற்று வாத்தியார் வீட்டு அம்மா திரும்ப வீடு பார்க்க வந்தார். நாற்காலியோடு நேராகக் குளியலறைக்குள் போனார். உள்ளேயே சக்கரத்தைத் திருப்பி, எங்களைப் பார்த்தபடி சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். எங்கேயும் இடிக்கவில்லை. நீ விட்ட இடம் சரியாகத்தான் இருந்ததுடா.

அங்கே பெரிய தாளாக வாங்கி, முழு முழு வீடாக வரைந்து, ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இரு. விருந்தாளியாக வந்தாலும் சரி, ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு வந்தாலும் சரி, சொல்லாமல்கூட வரலாம். நம் வீட்டு வாசலை யாரும் சுருக்கி அடிக்கவில்லை.

உன் அக்கா